குபர்னெட்டிஸில் பாதை பிரிப்பதும் பாதை மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குபர்னெட்டிஸ் என்பது பல கணினிகளை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து அதில் செயலிகளை ஓட்டும் மென்பொருள். ஒரே டொமைன், அதற்குப் பின்னால் கிளஸ்டருக்குள் பல செயலிகள். /கணக்கு என்று வந்தால் ஒன்றுக்கு, /அறிக்கை என்று வந்தால் இன்னொன்றுக்கு. கேட்க எளிது. எந்தப் பாதை எங்கே போகவேண்டும் என்று குபர்னெட்டிஸிடம் சொல்லும் விதித் தொகுப்புக்கு இன்கிரஸ் என்று பெயர். ஆனால் இன்கிரஸ் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணப் பாதைகள் படிக்க வசதியாகத் தமிழில் இருக்கின்றன. உங்கள் யாமல் (YAML) அமைப்புக் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுதப்போகிறீர்கள்.

ரூட்டிங், ரீரைட், ரீடைரெக்ட் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் மீதி எல்லாமே குழம்பும்.

ரூட்டிங் என்பது, வந்த கோரிக்கை எந்தச் சர்வீஸுக்கு (கிளஸ்டருக்குள் ஒரு செயலியின் நிலையான முகவரி) போகவேண்டும் என்ற முடிவு மட்டும். பாதையில் ஓர் எழுத்துகூட மாறாது. ரீரைட் என்பது, சர்வீஸிடம் கொடுக்கும் முன், இடையில் நிற்கும் சர்வரான ப்ராக்ஸி பாதையைத் திருத்துவது. பிரௌசருக்கு இது தெரியவே தெரியாது. முகவரிப் பட்டையில் பழைய பாதையே இருக்கும். ரீடைரெக்ட் என்றால், "இங்கே வராதே, அந்த முகவரிக்குப் போ" என்று 301, 302, 308 போன்ற ஓர் எண்ணோடு பிரௌசரைத் திருப்பி அனுப்புவது. பிரௌசர் புதிதாக இன்னொரு கோரிக்கை போடும், முகவரிப் பட்டையும் மாறும்.

முகவரிப் பட்டை மாறவேண்டுமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். ரீடைரெக்ட்தான் என்றால் எண்ணையும் கவனியுங்கள். 301, 302 வந்தால் பிரௌசர்கள் போஸ்ட் கோரிக்கையை கெட் ஆக மாற்றிவிடுவது வழக்கம். 308 வந்தால் முறை அப்படியே இருக்கும்.

இன்கிரஸ் யாமலில் ரீரைட்டை எந்த இடத்தில் எழுதுவது?

இன்கிரஸின் விவரக்குறிப்பில் அதற்கு இடமே கிடையாது. ஹோஸ்ட், பாதை, பாத்-டைப் (பாதையை எப்படி ஒப்பிடுவது), போகவேண்டிய சர்வீஸ், டிஎல்எஸ்: கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால், இன்கிரஸ் விதிகளைப் படித்து நடத்திவைக்கும் மென்பொருளான கன்ட்ரோலர் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டது. பெரும்பாலும் அது அனொட்டேஷன்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அனொட்டேஷன் என்பது வெறும் சாவி, மதிப்பு என்ற ஜோடி. தனக்குத் தெரியாத அனொட்டேஷனைப் பார்த்தால் கன்ட்ரோலர் பிழை சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். "ரீரைட் போட்டேன், எதுவுமே நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தக் கன்ட்ரோலர் என்பதைத்தான். என்ஜின்எக்ஸ் பெயரிலேயே இரண்டு இருக்கின்றன: ஒன்று குபர்னெட்டிஸ் சமூகத்தின் இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ், மற்றது எஃப்5 நிறுவனத்துடையது. இரண்டின் அனொட்டேஷன்களுக்கும் முன்னொட்டு வேறு, எழுதும் முறையும் வேறு. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் ஒட்டினால் சத்தமில்லாமல் வீணாகும்.

பாத்-டைப்பில் எதைப் போடுவது?

2020இல் குபர்னெட்டிஸ் 1.19உடன் இன்கிரஸ் நிலையான வி1 ஆனது. அதிலிருந்து பாத்-டைப்பைக் கட்டாயம் எழுதவேண்டும். மூன்று வகை.

எக்ஸாக்ட்: எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்தவேண்டும். /கணக்கு என்று எழுதினால் /கணக்கு/ கூடப் பொருந்தாது.

ப்ரீஃபிக்ஸ்: பெயரைப் பார்த்து எழுத்துகளின் முன்னொட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சாய்கோட்டில் வெட்டி, துண்டு துண்டாக ஒப்பிடும். /கணக்கு என்ற ப்ரீஃபிக்ஸுக்கு /கணக்கு, /கணக்கு/, /கணக்கு/சேர் எல்லாம் பொருந்தும். /கணக்குகள் பொருந்தாது.

இம்ப்ளிமென்டேஷன்-ஸ்பெசிஃபிக்: கன்ட்ரோலர் பாடு. ரெகெக்ஸ் (எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் வடிவக் குறியீடு) எழுதுவதானால் இதுதான். ரெகெக்ஸை ப்ரீஃபிக்ஸ் என்று குறித்து எழுதுவதை இன்கிரஸ்-என்ஜின்எக்ஸின் பழைய பதிப்புகள் கண்டுகொள்ளாமல் ஏற்றுக்கொண்டன. புதியவை அதை வாசலிலேயே மறுக்கின்றன. மேம்படுத்திய அன்றைக்கு "நேற்றுவரை ஓடியதே" என்று கேட்கப்படும் கேள்விக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

இரண்டு பாதைகள் பொருந்தினால் எது ஜெயிக்கும்?

நீளமானது. நீளம் சமம் என்றால் ப்ரீஃபிக்ஸை எக்ஸாக்ட் வெல்லும். யாமலில் எதை மேலே எழுதினீர்கள் என்பதற்கு மதிப்பில்லை.

ரீரைட்-டார்கெட்டில் "/" போட்டேன். எந்த இணைப்பை அழுத்தினாலும் முகப்புப் பக்கமே வருகிறது. ஏன்?

ரீரைட்-டார்கெட் என்பது, பாதை எதுவாக மாறவேண்டும் என்று சொல்லும் இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் அனொட்டேஷன். முகப்பு வருவது ஏனென்றால், அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். "எது வந்தாலும் / ஆக்கு" என்பது அதன் பொருள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்கிரஸ்-என்ஜின்எக்ஸின் 0.22 பதிப்புக்கு முன்பு, "/" என்று போட்டால் முன்னொட்டை மட்டும் வெட்டிவிட்டு மீதியைத் தானே ஒட்டிக்கொள்ளும். 2019 தொடக்கத்தில் வந்த 0.22 அதை மாற்றிவிட்டது. அதிலிருந்து, பாதையின் எந்தப் பகுதி மிஞ்சவேண்டும் என்பதை ரெகெக்ஸ் அடைப்புக்குறிகளால் நாம்தான் பிடித்துக் கொடுக்கவேண்டும். பழைய முறையில் எழுதிய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது எழுதவேண்டிய விதம் இது. பாதை:

/கணக்கு(/|$)(.*)

ரீரைட்-டார்கெட்:

/$2

முதல் அடைப்புக்குள் இருப்பது $1, இரண்டாவதில் இருப்பது $2. /கணக்கு/சேர்/புதியது என்று வந்தால், $1இல் ஒரு சாய்கோடு, $2இல் "சேர்/புதியது". செயலிக்கு /சேர்/புதியது போகும். வெறும் /கணக்கு என்று வந்தால் $2 காலி, செயலிக்கு "/" போகும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வினவல் பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ரெகெக்ஸில் கலந்துகொள்வதில்லை, கடைசியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக எழுதியும் முகப்பே வருகிறதா? யாமலை எப்படி கிளஸ்டருக்குள் அனுப்பினீர்கள் என்று பாருங்கள். ஷெல்லில் ஹியர்-டாக் (கட்டளையோடு சேர்த்தே பல வரி உரையை எழுதும் முறை) வழியாக, முடிவுச் சொல்லுக்கு மேற்கோள் குறி போடாமல் அனுப்பியிருந்தால், ஷெல் $2ஐத் தன் மாறி என்று நினைத்துக் காலியாக்கிவிடும். கோப்பில் "/$2" என்று இருக்கும், கிளஸ்டரில் "/" என்று இருக்கும். கிளஸ்டருக்குள் போய்ச் சேர்ந்த இன்கிரஸைத் திரும்ப யாமலாக வாங்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். கோப்பையே முறைத்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தெரியாது.

அந்த (/|$) எதற்கு? /கணக்கு(.*) என்று சுருக்கமாக எழுதினால் ஆகாதா?

ஆகாது. இரண்டு விதத்தில் கடிக்கும். டார்கெட் /$1 என்று வைத்துக்கொள்வோம். /கணக்கு/சேர் வந்தால் $1 என்பது "/சேர்". அதன் முன் இன்னொரு சாய்கோடு சேர்ந்து செயலிக்கு //சேர் என்று போகும். சில செயலிகள் பொறுத்துக்கொள்ளும், சில 404 தரும்.

இரண்டாவது, /கணக்குகள் என்ற வேறொரு பாதையையும் இது விழுங்கிவிடும். அப்போது செயலிக்குப் போவது /கள். அதை வாங்கி அந்தச் செயலி என்ன செய்யும் பாவம்!

(/|$) சொல்வது இதுதான்: முன்னொட்டுக்கு அடுத்து ஒரு சாய்கோடு வரவேண்டும், இல்லை பாதையே முடிந்துவிடவேண்டும்.

ரீரைட் வேலை செய்கிறது, பக்கமும் வருகிறது. ஆனால் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம் எதுவும் வரவில்லை. என்ன காரணம்?

ரீரைட் என்பது ஒருவழிப் பாதை. போகிற கோரிக்கையைத் திருத்தும். திரும்பி வருகிற பதிலைத் தொடாது.

நெருக்கத்தில் பார்ப்போம். பயனர் /கணக்கு/ என்று கேட்கிறார். ப்ராக்ஸி அதை "/" ஆக்கிச் செயலியிடம் கொடுக்கிறது. தான் டொமைனின் வேரிலேயே உட்கார்ந்திருப்பதாகச் செயலி நம்புகிறது. அதனால் அது தரும் ஹெச்டிஎம்எல்லில் பாணிக் கோப்பின் முகவரி /பாணி/முதன்மை என்று இருக்கிறது. பிரௌசர் அதை அப்படியே டொமைனின் வேரிலிருந்து கேட்கிறது. அந்தக் கோரிக்கையில் /கணக்கு எங்கும் இல்லை. இன்கிரஸில் எந்த விதிக்கும் அது பொருந்தவில்லை. 404. இதைவிட மோசம், வேரில் வேறொரு செயலி இருந்தால் அது தன் முகப்புப் பக்கத்தை 200 என்று கொடுத்துவிடும். பாணிக் கோப்போ ஜாவாஸ்கிரிப்ட் கோப்போ கேட்ட இடத்தில் ஹெச்டிஎம்எல் வந்து நிற்கும். பிரௌசர் கன்சோலில் "எதிர்பாராத < குறி" என்ற பிழையைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்எஸ் மட்டுமல்ல. உள்நுழைந்ததும் செயலி அனுப்பும் ரீடைரெக்டில் /முகப்பு என்று இருக்கும், அது /கணக்கு/முகப்பு ஆகாது. குக்கியின் பாதையும் செயலி நினைத்தபடிதான் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் போடும் ஏபிஐ அழைப்புகளும் அப்படியே. ரீடைரெக்டையும் குக்கிப் பாதையையும் என்ஜின்எக்ஸில் வேறு அமைப்புகளால் திருத்தலாம். ஹெச்டிஎம்எல்லுக்குள் இருக்கும் முகவரிகளையும்கூடத் தேடி மாற்ற வழி உண்டு. அந்த வழியில் இறங்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே சேர்த்துச் சேர்த்து உருவாக்கும் முகவரிகளை எந்த ப்ராக்ஸியாலும் பிடிக்க முடியாது.

சரியான இடம் செயலிதான். "நீ /கணக்கு என்பதற்குக் கீழே இருக்கிறாய்" என்று அதற்கே சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இதற்கு ஓர் அமைப்பு உண்டு: நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸில் பேஸ்-பாத், வீட் (Vite) கருவியில் பேஸ், ஸ்பிரிங் பூட்டில் கான்டெக்ஸ்ட்-பாத், கிராஃபானாவில் ரூட்-யுஆர்எல்லோடு துணைப்பாதையிலிருந்து பரிமாறும் அமைப்பு.

இதில் ஒரு கிளைச் சிக்கல் இருக்கிறது, பலர் இடறுவது இங்கேதான். பேஸ்-பாத்தை அமைத்த பிறகு நெக்ஸ்ட்ஜேஎஸ், ஸ்பிரிங் போன்றவை, வரும் கோரிக்கையிலும் அந்த முன்னொட்டு இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும். நீங்கள் ப்ராக்ஸியில் அதை வெட்டினால் 404தான். பைத்தான் உலகின் டபிள்யூஎஸ்ஜிஐ செயலிகளில் கதை வேறு. முன்னொட்டு தனியாக ஒரு மாறியிலும் மீதிப் பாதை இன்னொரு மாறியிலும் இருக்கும். அங்கே வெட்டி அனுப்பி, வெட்டியதைத் தனியே தெரிவிப்பது சகஜம். உங்கள் செயலி எந்த ரகம் என்று தெரியாமல் ரீரைட் போடாதீர்கள்.

என் வழக்கம்: முதலில் செயலியின் அமைப்பை மாற்றி ரீரைட்டே இல்லாமல் ஓட்டப் பார்ப்பேன். மூல நிரல் நம் கையில் இல்லாத, பேஸ்-பாத் அமைப்பும் இல்லாத செயலிக்கு மட்டும்தான் ரீரைட். வெறும் ஜேசான் தரும் ஏபிஐ என்றால் விதிவிலக்கு. அதன் பதிலில் இணைப்புகள் பெரும்பாலும் இருக்காது, ரீரைட் அங்கே சுகமாக வேலை செய்யும்.

வெட்டிய முன்னொட்டைச் செயலிக்கு எப்படித் தெரிவிப்பது?

எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரீஃபிக்ஸ் என்ற ஹெடர், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து போகும் குறிப்பு வரி. எந்தத் தரநிலையிலும் இல்லை. இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7239 வகுத்த ஃபார்வேர்டட் ஹெடரில்கூட முன்னொட்டுக்கு இடமில்லை. ஆனாலும் வழக்கத்தில் நிலைத்துவிட்டது. இன்கிரஸ்-என்ஜின்எக்ஸில் அதற்கென்று ஓர் அனொட்டேஷன் உண்டு. டிராஃபிக் (Traefik) என்ற ப்ராக்ஸியின் ஸ்ட்ரிப்-ப்ரீஃபிக்ஸ் மிடில்வேர் தானாகவே அனுப்பிவிடும்.

அனுப்பினால் போதாது, செயலி அதைப் படிக்கவேண்டும். ஃபிளாஸ்க் என்றால் அதன் அடித்தள நூலகமான வெர்க்சோய்கின் ப்ராக்ஸி-ஃபிக்ஸில் முன்னொட்டுக்கான அமைப்பை 1 ஆக்கவேண்டும். இயல்பில் அது 0. ஸ்பிரிங்கிலும் ஃபார்வேர்டட் ஹெடர்களை நம்பச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இந்த ஹெடரை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம் என்பதையும் மறக்காதீர்கள். ப்ராக்ஸி அதை மேலெழுதவேண்டும். செயலி ஓடும் அலகான பாடுக்கு (pod) வேறு வழியில் யாரும் வரக்கூடாது.

/கணக்கு/ என்றால் பக்கம் சரியாக வருகிறது, /கணக்கு என்றால் உடைகிறது. ஒரு சாய்கோட்டில் என்ன இருக்கிறது?

சார்பு முகவரிகள் இருக்கின்றன. பக்கத்தில் "படம்/சின்னம்" என்று, முன்னால் சாய்கோடு இல்லாத இணைப்பு இருந்தால், பிரௌசர் தற்போதைய பாதையின் கடைசிச் சாய்கோடுவரை எடுத்துக்கொண்டு அதோடு சேர்க்கும். /கணக்கு/ இல் இருந்தால் /கணக்கு/படம்/சின்னம் கிடைக்கும். /கணக்கு இல் இருந்தால் /படம்/சின்னம். இது ஆர்எஃப்சி 3986 சொல்லும் முறை, பிரௌசரின் தவறல்ல.

ரீரைட் இரண்டையும் "/" ஆக்கிவிடுவதால் செயலிக்கு வித்தியாசமே தெரியாது. சாய்கோடு இல்லாமல் வருபவரை, சாய்கோட்டோடு வரச்சொல்லி ரீடைரெக்ட் செய்வதுதான் மருந்து. இங்கே ரீரைட் உதவாது, முகவரிப் பட்டையே மாறவேண்டும்.

எங்கள் இன்கிரஸை யாரும் தொடவில்லை. இருந்தும் நேற்றிலிருந்து சம்பந்தமில்லாத பாதைகள் எங்கள் சர்வீஸுக்கு வருகின்றன. எப்படி?

அதே ஹோஸ்டில் வேறொரு குழு புதிய இன்கிரஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்கிரஸ்-என்ஜின்எக்ஸில் ஒரு ஹோஸ்டுக்கு எத்தனை இன்கிரஸ் இருந்தாலும் எல்லாம் ஒரே சர்வர் தொகுதியாகச் சேர்ந்துவிடும். அவற்றில் ஏதாவது ஒன்று யூஸ்-ரெகெக்ஸ் என்ற அனொட்டேஷனையோ ரீரைட்-டார்கெட்டையோ பயன்படுத்தினால் போதும், அந்த ஹோஸ்டின் எல்லாப் பாதைகளும் ரெகெக்ஸ் ஆகிவிடும். எல்லா நேம்ஸ்பேஸிலும் (கிளஸ்டருக்குள் இருக்கும் தனித்தனிப் பிரிவு), எல்லா இன்கிரஸிலும்.

ஆனதும் என்ன நடக்கும்? உங்கள் எக்ஸாக்ட் /அறிக்கை இனி எக்ஸாக்ட் இல்லை. தொடக்கம் மட்டும் நங்கூரமிட்ட ரெகெக்ஸ், முடிவு திறந்தே கிடக்கிறது. /அறிக்கைகள், /அறிக்கை-பழையது எல்லாம் உங்களிடம் வரும். அதோடு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் போய்விடும். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் உங்கள் நிஜப் பாதைகள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன.

இது பிழை அல்ல, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிப்பவர்தான் குறைவு. ரெகெக்ஸ் தேவைப்படும் செயலிகளுக்குத் தனி ஹோஸ்ட் கொடுப்பது என் பரிந்துரை. அது முடியாவிட்டால் ஒரு ஹோஸ்டில் யார் இன்கிரஸ் எழுதலாம் என்பதையாவது கட்டுப்படுத்துங்கள்.

ஒரே இன்கிரஸில் ஒரு பாதைக்கு ரீரைட் வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். முடியுமா?

அனொட்டேஷன் மொத்த இன்கிரஸுக்கும் சேர்த்துத்தான். ஒன்றை இரண்டு இன்கிரஸாகப் பிரித்து எழுதுங்கள். ஹோஸ்ட் ஒன்றாகவே இருக்கலாம், கன்ட்ரோலர் சேர்த்துக்கொள்ளும். முந்தைய பதிலில் சொன்ன ரெகெக்ஸ் தொற்று மட்டும் பிரித்த பிறகும் விடாது.

லாகில் பழைய பாதையே தெரிகிறது. ரீரைட் நடந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

என்ஜின்எக்ஸின் வழக்கமான லாக் வரியில் வருவது பயனர் அனுப்பிய மூலக் கோரிக்கை. ரீரைட்டுக்குப் பிந்தைய பாதை அதில் வராது. அதைப் பார்த்து ரீரைட் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உண்மையைச் சொல்லக்கூடியது பின்னால் இருக்கும் செயலி மட்டும்தான். வந்த பாதையையும் ஹெடர்களையும் அப்படியே திருப்பிச் சொல்லும் எக்கோ சர்வர் ஒன்றை கிளஸ்டரில் ஓட்டி, இன்கிரஸை அதன் பக்கம் திருப்பிவிட்டு, கர்ல் கட்டளையால் தட்டிப் பாருங்கள். /கணக்கு, /கணக்கு/, /கணக்கு/சேர், /கணக்குகள், வினவலோடு ஒன்று. இந்த ஐந்தும் எதிர்பார்த்தபடி வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிரௌசரில் சோதிக்காதீர்கள், 301, 308 இரண்டையும் அது நினைவில் வைத்துக்கொண்டு பழைய பதிலையே காட்டும்.

404 வந்தால் அது யாருடைய 404 என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோலரின் 404 வெறிச்சென்று இருக்கும், அடியில் என்ஜின்எக்ஸ் என்ற பெயரோடு. அப்படியென்றால் எந்த விதியும் பொருந்தவில்லை: ஹோஸ்ட், பாதை, இன்கிரஸ்-கிளாஸ் (இந்த இன்கிரஸ் எந்தக் கன்ட்ரோலருக்கு என்ற குறிப்பு) மூன்றையும் சரிபாருங்கள். செயலியின் பாணியில் 404 வந்தால் ரூட்டிங் சரி, ரீரைட் தவறு. 503 என்றால் சர்வீஸுக்குப் பின்னால் தயாரான பாட் இல்லை. 502 என்றால் பெரும்பாலும் போர்ட் தவறு, அல்லது செயலி இணைப்பை மறுக்கிறது. இந்த இரண்டுக்கும் பாதையோடு சம்பந்தமே கிடையாது. ரெகெக்ஸை மாற்றி மாற்றி எழுதி நேரத்தை விரயமாக்காதீர்கள்.

அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் கன்ட்ரோலர் பாடுக்குள் நுழைந்து, அது உருவாக்கிய என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் உங்கள் ஹோஸ்டைத் தேடுங்கள். நீளமான கோப்புதான். ஆனால் யாமலில் நீங்கள் எழுதியதைக் கன்ட்ரோலர் எப்படிப் புரிந்துகொண்டது என்பது அங்கே அப்பட்டமாக இருக்கும்.

ஹெல்த் செக் பாதையிலும் முன்னொட்டு சேர்க்கவேண்டுமா?

ஹெல்த் செக்கைச் செய்வது குபலெட், அதாவது ஒவ்வொரு கணினியிலும் பாட்களைப் பார்த்துக்கொள்ளும் நிரல். அது நேராகப் பாடைத் தட்டுகிறது, இன்கிரஸ் வழியாக வருவதில்லை. ஆகவே ரீரைட் அங்கே இல்லை. செயலிக்கு எந்தப் பாதை தெரியுமோ அதையே எழுதுங்கள். செயலிக்கு பேஸ்-பாத் அமைத்திருந்தால் அந்த முன்னொட்டு ஹெல்த் செக்கிலும் வேண்டியிருக்கும். பேஸ்-பாத்தை மாற்றிய கையோடு பாட்கள் மறுபடி மறுபடி மறுதொடக்கம் ஆனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஜிஆர்பிசி சர்வீஸ்களைப் பாதை முன்னொட்டால் பிரிக்கலாமா?

வேண்டாம். சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறையான ஜிஆர்பிசியில் (gRPC) பாதை என்பதே பேக்கேஜ், சர்வீஸ் பெயர், மெத்தட் சேர்ந்ததுதான். கிளையன்ட் நிரல் அதைத் தானே உருவாக்குகிறது. அதன் முன்னால் இன்னொன்றைச் செருகுவது எளிதல்ல. சர்வீஸ் பெயரை வைத்தே பிரியுங்கள், அல்லது தனி ஹோஸ்ட் கொடுங்கள்.

அப்படியானால் பாதையா, சப்டொமைனா? எது நல்லது?

தேர்வு என் கையில் இருந்தால், தனித்தனிச் செயலிகளுக்கு சப்டொமைன். மேலே பார்த்த சிக்கல்களில் பாதி அங்கே கிடையாது. பாதுகாப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு: ஒரே ஹோஸ்டில் பாதையால் மட்டும் பிரிந்த இரண்டு செயலிகள் பிரௌசரின் கண்ணில் ஒரே ஆரிஜின், அதாவது ஒரே தளம். ஒன்றின் உள்ளூர்ச் சேமிப்பை மற்றது படிக்கும். ஒன்றில் ஸ்கிரிப்ட் புகுந்தால் மற்றதும் போச்சு. குக்கிக்குப் பாதை குறிப்பது இதற்குத் தடுப்பு ஆகாது.

பாதை முறை பொருந்துவது, ஒரே தயாரிப்பின் பாகங்களுக்கு. முன்பக்கம் வேரில், அதன் ஏபிஐ ஒரு முன்னொட்டில். அப்போது ஒரே ஆரிஜின் என்பதே லாபம், வேறு ஆரிஜினிலிருந்து வரும் அழைப்புகளை அனுமதிக்கும் கார்ஸ் (CORS) அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

/நிர்வாகம் பாதையை இன்கிரஸில் தடுத்துவிட்டால் போதுமா?

அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தடுக்கும் இடமும் பரிமாறும் இடமும் ஒரே பாதையை ஒரே மாதிரிப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாய்கோட்டைச் சிலர் %2எஃப் என்று குறியாக்கி அனுப்புவார்கள், இரட்டைச் சாய்கோடு போடுவார்கள், இரண்டு புள்ளி வைத்து மேலேறப் பார்ப்பார்கள். என்ஜின்எக்ஸ் பாதையைக் குறிநீக்கி, சீராக்கித்தான் விதிகளோடு ஒப்பிடுகிறது. ரீரைட் இல்லாதபோது செயலிக்கு மூல வடிவமே போகலாம். ரீரைட் இருந்தால் குறிநீக்கிய வடிவத்திலிருந்து புதிதாகக் கட்டிய பாதை போகும். அதாவது ரீரைட் போட்ட மாத்திரத்தில், குறியாக்கிய சாய்கோடு நிஜச் சாய்கோடாக மாறிச் செயலிக்குப் போகலாம். அடையாள எண்ணிலேயே சாய்கோடு வைத்திருக்கும் ஏபிஐகள் இதனால் உடைவதும் உண்டு.

அனுமதிச் சோதனை செயலிக்குள் இருக்கட்டும். இன்கிரஸில் இருப்பது கூடுதல் வேலி.

டிராஃபிக், இஸ்டியோவில் எப்படி?

டிராஃபிக்கில் ரீரைட் ஒரு தனிப் பொருள், மிடில்வேர் என்பார்கள். ஸ்ட்ரிப்-ப்ரீஃபிக்ஸ், ஆட்-ப்ரீஃபிக்ஸ், ரீப்ளேஸ்-பாத்-ரெகெக்ஸ் என்று பெயரிலேயே வேலை தெரியும். பெரும்பாலோருக்கு ஸ்ட்ரிப்-ப்ரீஃபிக்ஸ் போதும், ரெகெக்ஸ் பக்கமே போகவேண்டாம். இன்கிரஸிலிருந்து அதைக் குறிப்பிடும்போது நேம்ஸ்பேஸ் பெயர், ஒரு கோடு, மிடில்வேர் பெயர், அப்புறம் அது எங்கிருந்து வருகிறது என்ற வால், இத்தனையும் சேர்த்து எழுதவேண்டும். வேலை செய்யவில்லை என்றால் முக்கால்வாசி இந்தப் பெயரில்தான் தவறு.

சர்வீஸ்களுக்கு இடையே போக்குவரத்தைக் கவனிக்கும் இஸ்டியோவில், பாதை விதிகளை எழுதும் பொருள் வர்ச்சுவல்-சர்வீஸ். அதில் ப்ரீஃபிக்ஸ் என்பது உண்மையாகவே எழுத்துகளின் முன்னொட்டு. /கணக்கு என்று எழுதினால் /கணக்குகள் பொருந்தும். அதை "/" ஆக மாற்றச் சொன்னால் /கணக்கு/சேர் என்பது //சேர் ஆகும். வழக்கமான மருந்து, /கணக்கு/ என்று சாய்கோட்டோடு ஒரு விதியும் சாய்கோடு இல்லாத வெறும் பாதைக்கு இன்னொன்றும் எழுதுவது.

கேட்வே ஏபிஐ இதை எப்படிக் கையாள்கிறது?

கேட்வே ஏபிஐ என்பது இன்கிரஸுக்குப் பிறகு வந்த குபர்னெட்டிஸ் தரநிலை. அது ரீரைட்டை விவரக்குறிப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 2023 அக்டோபரில் அதன் 1.0 வந்தது. ஹெச்டிடிபி-ரூட் என்ற பொருளில், ஒவ்வொரு விதிக்கும் ஃபில்டர்கள் எழுதலாம். யுஆர்எல்-ரீரைட் அவற்றில் ஒன்று. அதில் பாதைக்கு இரண்டு வகை: முழுப் பாதையையும் மாற்றுவது, பொருந்திய முன்னொட்டை மட்டும் மாற்றுவது.

இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. பொருத்தம் பாத்-ப்ரீஃபிக்ஸ் /கணக்கு, மாற்று "/". அவ்வளவுதான். /கணக்கு/சேர் என்பது /சேர் ஆகும், /கணக்கு என்பது "/" ஆகும், /கணக்குகள் பொருந்தாது, இரட்டைச் சாய்கோடு வராது. டாலர் குறி இல்லை, அடைப்புக்குறி இல்லை. ரீரைட் விதிவாரியாக இருப்பதால் இன்கிரஸை உடைத்து இரண்டாக எழுதும் வேலையும் மிச்சம்.

குறைகளும் உண்டு. முன்னொட்டு மாற்றத்தை பாத்-ப்ரீஃபிக்ஸ் பொருத்தத்தோடு மட்டுமே சேர்க்கலாம். ஒரே விதியில் ரீடைரெக்டும் ரீரைட்டும் சேர்ந்து வரமுடியாது. ரெகெக்ஸால் பிடித்து மாற்றும் வழி தரநிலையில் இல்லை. என்வாய் என்ற ப்ராக்ஸியை வைத்துக் கட்டிய என்வாய் கேட்வே போன்ற சில செயலாக்கங்கள் தங்கள் நீட்சியாகத் தருகின்றன. யுஆர்எல்-ரீரைட்டே கட்டாயம் ஆதரிக்கவேண்டிய அம்சம் அல்ல, நீட்டித்த ஆதரவு என்ற வகையில் இருக்கிறது. உங்கள் செயலாக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் நின்றுவிட்டதாமே? எங்கள் ரீரைட்டுகள் என்ன ஆகும்?

2025 நவம்பரில் ஓய்வு அறிவித்தார்கள். 2026 மார்ச் வரை முடிந்த அளவு பராமரிப்பு, அதற்குப் பிறகு புதிய வெளியீடும் இல்லை, பாதுகாப்புத் திருத்தமும் இல்லை என்பது அறிவிப்பு. ஓடிக்கொண்டிருப்பது தானாக நிற்காது. ஆனால் 2025 மார்ச்சில் அதே கன்ட்ரோலரில் ஆபத்து அளவில் பத்துக்கு 9.8 என்று மதிப்பிட்ட பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்ததை நினைத்தால், திருத்தம் வராத மென்பொருளை வாசலில் நிறுத்திவைப்பது நல்லதல்ல. எஃப்5 நிறுவனத்தின் கன்ட்ரோலருக்கும் இன்கிரஸ் ஏபிஐக்கும் இந்த அறிவிப்பு பொருந்தாது.

மாறும்போது, இன்கிரஸ்2கேட்வே என்ற கருவி முதல் வரைவைத் தரும். அதை அப்படியே நம்பாமல் வரிக்கு வரி பாருங்கள். நீங்கள் கேட்காமலே பழைய கன்ட்ரோலர் செய்துகொண்டிருந்த சில காரியங்கள் இருக்கின்றன. அதன் ரெகெக்ஸ் பெரிய, சிறிய எழுத்தைப் பார்க்காது, முடிவும் திறந்திருக்கும். என்வாய் அடிப்படையிலான செயலாக்கங்களில் ரெகெக்ஸ் முழுப் பாதைக்கும் பொருந்தவேண்டும், எழுத்தின் அளவும் பார்க்கும். பாதையை /கணக்கு/ என்று எழுதியிருந்தால், சாய்கோடு இல்லாமல் வந்தவரைப் பழையது தானே 301 கொடுத்துத் திருப்பியது. புதியது செய்யாது, நீங்களே விதி எழுதவேண்டும்.

இவற்றை யாமலைப் படித்துக் கண்டுபிடிப்பது கடினம். பழைய கன்ட்ரோலரின் லாகிலிருந்து ஒரு வாரத்துக்கான தனித்தனிப் பாதைகளை எடுத்து, அவற்றில் கெட் கோரிக்கைகளை மட்டும் பழையதற்கும் புதியதற்கும் கர்ல் மூலம் அனுப்பி, நிலை எண்ணையும் ரீடைரெக்ட் முகவரியையும் ஒப்பிடுங்கள். வேறுபடும் வரிகள் மட்டும்தான் உங்கள் வேலைப் பட்டியல்.